பதினோராம் கம்பி

அந்தத் தொழிற்சாலையில் எனக்கு முதலில் கொடுத்தது ஒரு தட்டு சிப்ஸ். ஐந்தாம் லைனிலிருந்து அப்போதுதான் வந்தது, சூடு ஆறவில்லை. வெளியாள் யார் வந்தாலும் தின்றுகாட்ட வேண்டும் என்பது அங்கே வழக்கமாம். இரண்டை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தபோது எலக்ட்ரீஷியன் கோவிந்தப்பா தாழ்ந்த குரலில் சொன்னார்.

"இந்த லைன்லதான் சார் அந்தப் பொண்ணு கை வெந்துச்சு. முந்தாநாள்."

வாயில் இருந்ததை விழுங்க முடியவில்லை. துப்பவும் இடமில்லை, தரை கண்ணாடி மாதிரி துடைக்கப்பட்டிருந்தது. நாக்கை அசைக்காமல் நின்றேன்.

"பொட்டலத்து வாயை ஒட்டற சூட்டுத் தகடு இருக்கில்ல, அதுல இடது கை மாட்டிக்கிச்சு. அவ பாட்டுக்கு வலது கையால அடுத்த பொட்டலத்த எடுத்திட்டிருந்தா. வாசனை வந்துதான் பக்கத்துல இருந்தவங்க திரும்பினாங்க." சிப்ஸ் தட்டைப் பார்த்தார். "அவங்களும் முதல்ல மசாலா தீயுதுன்னுதான் நெனச்சிருக்காங்க."

கைக்குட்டையை எடுத்து, வாயிலிருந்ததை அதில் துப்பி, மடித்துக் கால்சட்டைப் பையில் வைத்தேன். அன்று முழுவதும் அந்த ஈரமான மடிப்பு தொடையில் உறுத்திக்கொண்டே இருந்தது.

எனக்கு வந்திருந்த அழைப்பில் கையைப் பற்றி எதுவும் இல்லை. ‘லைன் கட்டுப்பாட்டுப் பெட்டி சைகைகளைத் தவறவிடுகிறது’ என்று மட்டும் இருந்தது. ஓசூரிலிருந்து பேருந்து பிடித்து வந்தேன். வாசலில் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வேலை முடிந்து மேலாளர் கையெழுத்திட்ட சீட்டைக் காட்டினால்தான் கைப்பேசியும் கிடைக்கும், கதவும் திறக்கும்.

அங்கே லைனில் நிற்கும் பெண்கள் எல்லோருக்கும் பிடரியில் ஒரு பட்டை. நரம்போடு பிணைத்தது. ஒப்பந்தம் முடியும்வரை, விடுதியில் தூங்கும்போதும், கழற்ற முடியாது. மருத்துவர் ஒருவரால்தான் எடுக்க முடியும். உடம்பிலிருந்து மூளைக்குப் போகும் இரண்டு செய்திகளை அது வழியில் பிடித்து முதலில் லைன் பெட்டிக்கு அனுப்பும். சிறுநீர் முட்டுகிறது என்பது ஒன்று. வலிக்கிறது என்பது இன்னொன்று. ‘கிடைத்தது’ என்று பெட்டி பதில் சொன்ன பிறகே மூளைக்கு விடும். கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. முட்டினால் மாற்றாள் தானாக வந்து நிற்பாள். யாரிடமும் கூச்சத்தோடு கேட்க வேண்டாம். யாருக்காவது பலமாக வலித்தால் பெல்ட் நிற்கும், பெட்டியே ஆம்புலன்ஸைக் கூப்பிடும். இந்த ஏற்பாட்டுக்கு விருது கொடுத்திருந்தார்கள். கேடயம் வரவேற்பறையில் இருந்தது.

பிறகு யாரோ கேட்டு, ‘பிடித்துவை’ என்று ஒரு பொத்தானைச் சேர்த்திருக்கிறார்கள். அதை அழுத்தினால், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தொகுதிப் பொட்டலம் முடியும்வரை முட்டுவது அந்தப் பெண்களுக்குத் தெரியாது. அந்தப் பொத்தானுக்கு விருது கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை.

பெட்டியில் ஓடியது யூனிக்ஸ் குடும்பத்து இயக்குதளம். எனக்குப் பழகியது. மனிதர்களைவிட அதனோடு அதிக நேரம் உட்கார்ந்திருக்கிறேன். கேட்காத எதையும் அது பேசாது. குறுக்கீடுகளின் அட்டவணையைத் திரையில் வரவழைத்தேன். பெட்டியின் செயலியைத் தட்டிக் கூப்பிட, உள்ளே செருகிய ஒவ்வொரு மின்னணு அட்டைக்கும் ஒரு கம்பி உண்டு. ஒவ்வொரு வரியிலும் கம்பியின் எண், எத்தனை முறை தட்டியது, கடைசியில் அட்டையின் பெயர். பதினோராம் வரியின் கடைசியில் இரண்டு பெயர்கள் இருந்தன, நடுவில் ஒரு காற்புள்ளியோடு. முட்டுவதைச் சொல்லும் அட்டையும் வலியைச் சொல்லும் அட்டையும் ஒரே கம்பியில்.

மறுபடி வரவழைத்தேன். மற்ற வரிகளின் எண்கள் ஏறின. பதினொன்று அப்படியே நின்றது. லைனில் நாற்பது பெண்கள் கை ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அந்த நாற்பது உடம்புகளில் ஒன்றுகூட ஒன்றும் சொல்லவில்லை. பதிவாகியிருந்த பட்டைகள் நாற்பத்திரண்டு என்பதையும் பார்த்தேன். கை வெந்த பெண்ணுடையதைக் கழித்தாலும் ஒன்று மிஞ்சியது. உபரியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பழைய பதிவுகளுக்குள் போனேன். பத்து நாட்களுக்கு முந்தைய வரி ஒன்று கிடைத்தது: பதினோராம் கம்பியில் வரும் அழைப்பைத் தன்னுடையது என்று எந்த அட்டையும் ஏற்கவில்லை, கம்பி மூடப்படுகிறது.

"பத்து நாளைக்கு முன்னாடி இந்தப் பெட்டியத் திறந்தீங்களா?"

கோவிந்தப்பா பெட்டியின் நெற்றியைக் காட்டினார். காய்ந்து வெடித்த சந்தனம், நடுவில் குங்குமம். "ஆயுத பூஜை சார். வருசா வருசம் எல்லாத்தையும் கழட்டி, ஊதித் தொடச்சு, பொட்டு வெச்சு, மறுபடி மாட்டுவோம். அட்டைங்கள வாழையிலை மேல வரிசையா வெச்சு, சூடம் காட்டி, எல்லாரும் கண்ல ஒத்திக்கிட்டோம். மேனேஜர் சாரும்தான்." குரல் இறங்கியது. "மாத்தி மாட்டிட்டேனா?"

"ரெண்டும் ஒரே அளவு அட்டை. எந்த ஸ்லாட்லயும் உட்காரும். நீங்க மாட்டின ஸ்லாட்டுக்குத் தனிக் கம்பி இல்ல, பக்கத்து அட்டையோட சேர்ந்துக்கிச்சு. ஆனா சேர்ந்தா மட்டும் ஒண்ணும் ஆகக் கூடாது."

"அப்புறம் ஏன் ஆச்சு?"

எனக்கு விளக்கம் சொல்லிப் பழக்கமில்லை.

"ஒரு வீட்டுல மாடியில ஒரு குடித்தனம், கீழ ஒரு குடித்தனம். வாசல்ல ஒரே பெல்லு. அடிச்சா ரெண்டு பேரும் எட்டிப் பார்த்து, யாருக்கு ஆள் வந்திருக்கோ அவங்க ‘எனக்குத்தான்’னு சொல்லணும். அப்பதான் பெல் நிக்கும்."

"சரி."

"பிடித்துவை பொத்தானை அழுத்திட்டா, மாடி வீட்டுக்காரன் எட்டியே பார்க்காம ‘எனக்கில்ல’ன்னு சொல்ற மாதிரி எழுதி வெச்சிருக்காங்க. ஆள் வந்தது அவனுக்குத்தான். கீழ் வீட்டுக்காரன் நிஜமாவே எட்டிப் பார்க்கறான், அவனுக்கு யாரும் வரல. அவனும் எனக்கில்லங்கறான். பெல் அடிச்சுக்கிட்டே இருக்கு. லட்சம் தடவ அடிச்சதும், பெல்லுதான் கெட்டுப்போச்சுன்னு சிஸ்டம் வயரையே பிடுங்கிடுச்சு."

"அதுக்கப்புறம் கீழ் வீட்டுக்கு நெஜமாவே ஆள் வந்தா?"

"வாசல்லயே நிப்பான்."

கோவிந்தப்பா லைனில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "எட்டிப் பாக்காமலே சொல்லுன்னு எழுதினது யாரு சார்?"

"பேர் போட்டுக்கல."

அந்த வரிகளை நான் மூன்று முறை படித்திருந்தேன். சீராக இடம் விட்டு, தெளிவான பெயர்கள் வைத்து, மிக அழகாக எழுதியிருந்தார்கள். கழிவறைச் சுவரில் ஆபாசத்தை முத்துமுத்தான கையெழுத்தில் எழுதியிருப்பதைப் பார்த்தது போல இருந்தது. எழுதியவன் இதை முடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான்.

கை வெந்த பெண்ணின் பெயர் மங்கையர்க்கரசி. எல்லோருக்கும் அரசி. தருமபுரிப் பக்கம். எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று கேட்டேன். கோவிந்தப்பா என்னை முதலுதவி அறைக்கு அழைத்துப்போனார்.

கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, டீயில் பன்னைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். இருபத்து மூன்று, நான்கு வயது இருக்கும். இடது கை மடியில் ஒரு வெள்ளைப் பொதியாகக் கிடந்தது. பொதியின் ஓரத்தில் மஞ்சளும் பச்சையுமாக ஊறியிருந்தது. நான் கதவருகிலேயே நின்றுவிட்டேன். மீன் கடையில் மாலையில் மிஞ்சும் வாடை. அவள் பன்னை முகர்ந்து பார்த்துவிட்டுக் கடித்தாள்.

"புது சாரா? நான் எப்ப சார் லைனுக்குப் போலாம்? இங்க ஒக்காந்து ஒக்காந்து சலிப்பா இருக்கு."

"கை எப்படி இருக்கு?"

"அதுவா?" என்று குனிந்து, மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "அது சும்மா கெடக்குது. வலியே இல்ல சார்."

சுவரில் ஒரு சிறிய திரை. அவள் பெயர், கீழே வலி எண். பூஜ்யம். நாலைத் தாண்டினால் பெட்டி ஆம்புலன்ஸைக் கூப்பிடும். தாண்டாவிட்டால் களிம்பு, கட்டு, ஓய்வு. காலையும் மாலையும் ஒரு நர்ஸம்மா வந்து திரையைப் பார்த்து எழுதிக்கொண்டு போகிறாராம். கட்டைப் பிரித்துப் பார்ப்பதில்லை. எண் பூஜ்யமாக இருக்கும்போது பிரிக்க வேண்டும் என்று எங்கும் சொல்லியிருக்கவில்லை.

மேலாளர் புருஷோத்தமனின் அறை மாடியில், லைனைப் பார்த்த கண்ணாடிச் சுவரோடு இருந்தது. படியில் எனக்கு முன்னால் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். ஐம்பத்தைந்து வயதுக்காரர். பின்னால் ஏறிவந்த கோவிந்தப்பா என் காதில் சொன்னார்: "போன மாசம் வரைக்கும் முட்டியப் புடிச்சிக்கிட்டு லிஃப்டுக்கு நிப்பாரு சார்." அறைக்குள் மல்லிகை ஸ்ப்ரேயின் நெடி தொண்டையைப் பிடித்தது. அவர் அந்த வெயிலிலும் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார்.

நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு, "எவ்வளவு நேர வேலை?" என்றார்.

"பெட்டிய நிறுத்தி, அட்டைய வேற ஸ்லாட்டுக்கு மாத்தி, மறுபடி ஓட விடணும். கால் மணி நேரம் போதும். ஆனா அதுக்கு முன்னாடி அந்தப் பொண்ண ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, மயக்கம் குடுத்து, பட்டைய எடுத்துடணும். கம்பி திறந்ததும் அவ்வளவு வலியும் வரும். மறைச்சு வெச்ச சைகை எங்கயும் போகாது, காத்துக்கிட்டு நிக்கும்."

"மாத்த வேணாம்."

நான் அவரையே பார்த்தேன்.

"சூட்டுத் தகடுகிட்ட கை வந்தா நிக்கற மாதிரி ஒரு சென்சார் போடுங்க. அது போதும். பத்து நாளா இந்த லைன் எப்படி ஓடுது தெரியுமா உங்களுக்கு? இடுப்பு வலி, வயித்து வலின்னு ஒரு பொண்ணு வந்து நிக்கல. மாற்றாளே தேவைப்படல."

"அரசி?"

"எண் பூஜ்யம்."

"கம்பி மூடியிருக்கறதால பூஜ்யம்."

"இருக்கலாம். ஆனா திரையில என்ன இருக்கோ அதுக்குத்தான் நான் பொறுப்பு. எண் ஏறட்டும், வண்டி தானா வரும், நான் தடுக்க மாட்டேன். சென்சார் வேலை முடிஞ்சதும் சீட்டுல கையெழுத்து வாங்கிக்கங்க." புன்னகைத்தார். "சிப்ஸ் சாப்பிட்டீங்களா?"

மல்லிகைக்கு அடியில் வேறொரு வாடை இருந்தது. அது என்னவென்று யோசிக்க விருப்பமில்லாமல் இறங்கி வந்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் பெல்ட் நின்றது. பெட்டிக்கு அருகே தரையில் உட்கார்ந்திருந்தேன். லைன் லீடர் நாகவேணி வந்தாள். நாற்பதை நெருங்கிய, தோள் அகன்ற பெண். அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர்.

"கோவிந்தண்ணன் சொன்னாரு. அத மாத்தப் போறீங்களாமே?"

"மாத்தணும்."

"மாத்தாதீங்க சார்."

நான் நிமிர்ந்தேன்.

"பூஜையன்னிக்கு சூடத்த ஒத்திக்கிட்டு வேலைக்கு நின்னோம். அன்னியிலருந்து முதுகு வலி இல்ல, குதிகால் வலி இல்ல. மாசாமாசம் சுருண்டு படுத்துக்குவா இவ," என்று பக்கத்தில் நின்றவளைக் காட்டினாள். "இந்தத் தடவ பாட்டுப் பாடிக்கிட்டு வேலை செஞ்சா. சாமி கண்ணத் தொறந்துடுச்சின்னு நெனச்சோம். ஒயருதான்னா ஒயரா இருக்கட்டும். எங்களுக்கென்ன?"

"சிறுநீர் முட்டறதும் தெரியாதே?"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாட்டுப் பாடியவள்தான் சொன்னாள். "டயப்பர் குடுக்கறாங்க சார். கொழந்தைக்கு மாட்டிவுட வேண்டிய வயசுல நாங்களே மாட்டிக்கிட்டுத் திரியறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகுதான் எனக்கு அந்த வாடை உறைத்தது. காலையிலிருந்து மசாலாவுக்கு அடியில் இருந்தது அதுதான். மாடியில் மல்லிகைக்கு அடியில் இருந்ததும் அதே வாடை. தலையைக் குனிந்துகொண்டேன். அருவருப்பு அவர்கள் மேல் இல்லை. நன்றாக வாழ்ந்த உணர்வு அவர்களுக்கு இந்தப் பத்து நாளில்தான் கிடைத்திருக்கிறது. கெட்டுப்போன ஒரு கம்பியால். அதைப் பிடுங்க வந்தவன் நான். நாகரிகம் என்று சொல்லிக்கொள்கிற எதுவோ ஒன்றின் அடிவயிற்றைத் தொட்டுவிட்டது போல விரல்கள் கூசின.

"அரசியப் போய்ப் பார்த்தீங்களா?" என்றேன்.

"அவ நல்லாத்தான இருக்கா. வலி இல்லன்னுதான சொல்றா?"

"கட்டைப் பிரிச்சுப் பாருங்க."

நாகவேணி போனாள். நானும் பின்னால் போனேன். அரசி சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள், மருதாணி பார்க்கக் கொடுப்பவள் போல. நாகவேணி துணியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள். கடைசிச் சுற்றோடு தோலும் சேர்ந்து வந்தது. உள்ளே இருந்ததை நான் எழுதப் போவதில்லை. நாகவேணி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினாள்.

"என்னாக்கா?" என்றாள் அரசி. "அதுக்கு வலிக்கலக்கா. நெசமாத்தான்."

நான் கட்டிலுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, அவளிடம் நேராகச் சொன்னேன். இங்கே யாரிடமும் கைப்பேசி இல்லை, எண் ஏறினால்தான் வண்டி வரும். கம்பியைத் திறந்தால்தான் எண் ஏறும். கம்பி உனக்கு மட்டும் என்று திறக்காது, எல்லோருக்கும் சேர்த்துத்தான் திறக்கும்.

"எங்களுக்கும் வருமா?" என்று சுவரிடம் கேட்டாள் நாகவேணி.

"இப்ப உடம்புல என்னென்ன இருக்கோ அத்தனையும். ஒரே நேரத்துல."

"இவளுக்கு?"

"தாங்க முடியாது."

கதவருகே பெண்கள் கூடியிருந்தார்கள். அரசி முதல்முறையாக மடியிலிருந்ததை உற்றுப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். முகம் மெல்ல மாறியது.

"தொறந்தா இது பொழைக்குமா சார்?"

"தெரியாது. திறக்கலன்னா கை போகும். அதோட நிக்காது."

அவள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்ப தொறங்க. ஆனா நான் கத்தினா ஒருத்தியும் சிரிக்கக் கூடாது."

நாகவேணி திரும்பினாள். கண்கள் சிவந்திருந்தன. "நாங்களே கத்தப் போறோம்டி. எவ சிரிக்கறது?"

வெளியே போய் எல்லோரையும் கூப்பிட்டாள். வாக்குவாதம் நடந்தது; எனக்குக் கேட்டது கொஞ்சம்தான். ஒருத்தி அழுதாள். ஒருத்தி, "எனக்கு மட்டும் வேணாம்னா?" என்றாள். "அது உன் கையா இருந்திருந்தா வேணாம்பியா?" என்றாள் நாகவேணி. அழுதவள்தான் முதலில் தலையாட்டினாள். அரசியை அழைத்துவந்து நடுவில் உட்காரவைத்தார்கள். நாற்பது பேரும் பெல்ட்டின் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து, கைக்கு எட்டிய இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

பெட்டியை நிறுத்தினேன். சென்சார் போடுகிறேன் என்று மேலாளர் நினைத்திருப்பார். கோவிந்தப்பா டார்ச் அடித்தார். வலி அட்டையின் ஓரத்திலும் ஒரு துளி குங்குமம் இருந்தது. அதைத் துடைக்காமல் வேறு ஸ்லாட்டில் அழுத்தினேன். பிடித்துவை வரிகளை அழித்தேன். அந்த அழகான எழுத்து முழுவதையும். மின்சாரத்தைப் போட்டேன். திரையில் வரிகள் ஓடின. அட்டவணையை வரவழைத்தேன். பதினோராம் வரியில் ஒரே பெயர். ஐந்தாம் வரியில் இன்னொன்று. இரண்டிலும் எண் பூஜ்யம்.

பிறகு எண்கள் ஏறத் தொடங்கின.

முதல் அலறல் என் பக்கத்திலிருந்து வரவில்லை. மாடியிலிருந்து வந்தது. எல்லோரும் நிமிர்ந்தோம். கண்ணாடிக்குப் பின்னால் புருஷோத்தமன் இரண்டு முட்டிகளையும் பிடித்துக்கொண்டு மடிந்து சரிந்தார். வலி தெரியாமல் பத்து நாட்கள் தாவித் தாவி ஏறிய முட்டிகள். நாற்பத்திரண்டாவது பட்டை யாருடையது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அதற்குள் கீழேயும் வந்துவிட்டது. அது கூச்சலாக இல்லை. நாற்பது தொண்டைகளிலிருந்து ஒரே நீளமான முனகல். சிலர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்கு ஓடினார்கள். பாட்டுப் பாடியவள் வயிற்றை அணைத்துக்கொண்டு சுருண்டாள். அரசியின் குரல் மட்டும் தனியாக எழுந்து, கூரைத் தகட்டில் மோதி, திரும்பி வந்தது. நாகவேணி அவளைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டிருந்தாள். நான் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. பொத்திக்கொள்ள எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

ஆம்புலன்ஸ் வந்தபோது மேலாளரை நாற்காலியோடு தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். சட்டையின் மேல் பொத்தான்கள் அறுந்து பட்டை வெளியே தெரிந்தது. கால்சட்டை நனைந்திருந்தது.

"யாருக்கு?" என்றார் ஓட்டுநர்.

"எனக்கு," என்றார் புருஷோத்தமன், பல்லைக் கடித்துக்கொண்டு. "நான்தான் மேனேஜர்."

நாகவேணி ஒரு கையால் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டி வந்து குறுக்கே நின்றாள். "உங்களுக்கு முட்டிதான சார்? லிஃப்டுக்கு நின்னு பழகினவருதான. கொஞ்சம் நில்லுங்க."

நானும் கோவிந்தப்பாவும் அரசியைத் தூக்கி உள்ளே கிடத்தினோம். கத்திக் கத்திக் குரல் கட்டிப்போயிருந்தது. உதடு அசைந்தது. குனிந்தேன்.

"வலிக்குது சார்," என்றாள். வலது கையால் அதைத் தாங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "என் கை சார். என் கை வலிக்குது."